கண்ணில் படாத காசு: குழந்தைகளுக்குப் பணம் பழக்குவது ஏன் கடினமாகிவிட்டது?

2014ஆம் ஆண்டு ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. செல்பேசி விளையாட்டுகளுக்குள் பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தைகள் வாங்கியவற்றுக்காகக் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் நிறுவனமும் குறைந்தது 1.9 கோடி டாலர் தர இசைந்தது. 2022 டிசம்பரில், ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் முறை வந்தது. வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர அது ஒப்புக்கொண்ட தொகை 24.5 கோடி டாலர்.

ஆப்பிள் விவகாரத்தில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரு சின்ன ஏற்பாடு. பெற்றோர் ஒருமுறை கடவுச்சொல்லை இட்டுவிட்டால், அடுத்த 15 நிமிடங்களுக்கு அது மறுபடி கேட்கப்படாது. அந்த 15 நிமிடங்களில் குழந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பொத்தானைத் தொடலாம். தொட்டது. திரையில் பெட்டி திறந்தது, வைரக்கற்கள் கொட்டின, இசை ஒலித்தது. பணம் போனது மட்டும் திரையில் எங்குமே இல்லை.

இப்படி ஒரு பில் வந்து விழுந்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "பிள்ளைக்குக் காசின் அருமை தெரியவில்லை" என்பதுதான். அருமை தெரிய வேண்டுமானால் முதலில் காசு கண்ணில் பட வேண்டும் அல்லவா? ஒரு தலைமுறைக்கு முன்பு பிள்ளைகள் பெரியவர்களின் கையைப் பார்த்தே பாதிப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். நோட்டை எண்ணுவது, நீட்டுவது, மீதிச் சில்லறையைச் சரிபார்ப்பது, மாதக் கடைசியில் பர்ஸ் மெலிந்துபோவது எல்லாமே கண்முன் நடந்தன. இன்று பெரியவர்கள் செல்பேசியை நீட்டுகிறார்கள், ஒரு சத்தம் கேட்கிறது, பொருள் பைக்குள் வந்துவிடுகிறது. இந்தக் காட்சியிலிருந்து குழந்தை எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரே முடிவு, செல்பேசி இருந்தால் எல்லாம் கிடைக்கும் என்பது. அது தவறான முடிவு என்று அதன்மேல் குற்றம் சொல்லவும் முடியாது.

## எந்த வயதில் எவ்வளவு புரியும்?

பணம் என்பது வெறும் பொருள் அல்ல, அது ஓர் உடன்படிக்கை. ஒரு தாளுக்கு ஏன் ஒரு மிதிவண்டி கிடைக்கிறது என்பது யோசித்துப் பார்த்தால் பெரியவர்களுக்கே சற்று விசித்திரமான விஷயம். குழந்தை அதைப் படிப்படியாகத்தான் பிடித்துக்கொள்கிறது.

1. மூன்று முதல் ஆறு வயது வரை. ஒரே எண்ணிக்கையில் இரண்டு வரிசையாகப் பொருட்களை அடுக்கி, ஒரு வரிசையை மட்டும் சற்று அகலப்படுத்தினால், நீண்ட வரிசையில்தான் அதிகம் இருக்கிறது என்று இந்த வயதுக் குழந்தைகள் பலர் சொல்வார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே செய்து காட்டிய புகழ்பெற்ற சோதனை இது. ஒரு பெரிய நோட்டைவிட ஐந்து சின்ன நாணயங்கள் உசத்தி என்று நான்கு வயதுப் பிள்ளை நினைப்பதில் வியப்பில்லை. கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுப்பதைப் பார்த்து, பணம் கடையிலிருந்துதான் வருகிறது என்று நம்பும் பிள்ளைகளும் உண்டு. இந்த வயதில் புரியவைக்கக்கூடியது ஒன்றுதான்: கொடுத்தால் கையிலிருந்து போய்விடும், திரும்ப வராது.

2. ஏழு முதல் பத்து வயது வரை. கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் கைவந்துவிடும். "இதை வாங்கினால் அதை வாங்க முடியாது" என்பது விளங்கும். கடைக்காரர் எதற்காக விற்கிறார் என்பது இன்னும் மங்கல்தான். குஸ்தாவ் ஜஹோடா என்ற உளவியலாளர் கிளாஸ்கோ நகரக் குழந்தைகளை விளையாட்டுக் கடை நடத்தச் செய்து, 1979ஆம் ஆண்டில் அதன் முடிவுகளை வெளியிட்டார். கடைக்காரர் வாங்கும் விலை, விற்கும் விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது சிறிய பிள்ளைகளுக்குத் தோன்றவே இல்லை. பத்து, பதினொரு வயதை ஒட்டித்தான் லாபம் என்ற எண்ணம் உருப்பெற்றது.

3. பதினொன்றுக்கு மேல். லாபம், வட்டி, விளம்பரத்தின் உள்நோக்கம், கடன் ஆகியவற்றைப் பேசலாம். பேசியே ஆக வேண்டும். ஏனென்றால் பெரும்பாலும் இந்த வயதில்தான் கையில் சொந்தச் செல்பேசி வந்து சேர்கிறது.

லாபம் என்றால் என்னவென்றே தெரியாத எட்டு வயதுப் பிள்ளையிடம் "அவர்கள் உன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள்" என்று எச்சரிப்பதில் பெரிய பயன் இல்லை. கடை என்பது அதற்கு இன்னும் பொருள் கொடுக்கும் நல்ல இடம்தான்.

## வலி இல்லாத செலவு

பணம் கொடுக்கும்போது மனத்தில் ஒரு சின்ன முள் தைக்கிறது. நடத்தைப் பொருளியலில் இதைப் 'பணம் கொடுக்கும் வலி' என்கிறார்கள். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது அது கூர்மையாக இருக்கும். அட்டையைத் தேய்த்தால் மழுங்கும். டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. விளையாட்டுப் போட்டிக்கான டிக்கெட்டுகளை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். ஒரு குழு ரொக்கமாகத் தர வேண்டும், இன்னொரு குழு கடன் அட்டையில் தரலாம். டிக்கெட் அதேதான், அட்டைக் குழுவினர் கேட்ட விலை ரொக்கக் குழுவினரின் விலையைப்போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அவர்கள் மேலாண்மை படிக்கும் மாணவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வளர்ந்தவர்களின் நிலையே இது. செல்பேசி விளையாட்டுகள் இந்த வலியைக் குழந்தைக்கு மேலும் மூன்று உறைகள் போட்டு மூடுகின்றன.

முதல் உறை, சேமித்து வைக்கப்பட்ட அட்டை எண். ஒருமுறை இட்டுவிட்டால் பிறகு விரல் தொடுவது மட்டுமே வேலை.

இரண்டாவது உறை, விளையாட்டுக்கென்றே உள்ள நாணயம். உண்மைப் பணம் முதலில் வைரமாகவோ தங்கமாகவோ மாறுகிறது. அதன்பிறகு குழந்தை செலவழிப்பது வைரத்தைத்தான். இதில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. 500 வைரங்கள் கொண்ட கட்டாகத்தான் விற்பார்கள். ஆசைப்பட்ட சட்டையின் விலை 400 வைரம். மீதி 100 கையில் நிற்கும். அடுத்த பொருள் 300. நூறு வீணாகிறதே என்ற எண்ணத்தில் இன்னொரு கட்டு வாங்கினால் கையில் 600. பொருளுக்குப் போக மீண்டும் 300 மிச்சம். எந்தக் கட்டும் எந்த விலைக்கும் சரியாகப் பொருந்தாதபடி விலை வைத்தால், பணப்பை ஒருபோதும் காலியாகாது. காலியாகாத பணப்பையை மூடிவைக்க யாருக்கும் மனம் வராது.

மூன்றாவது உறை, அதிர்ஷ்டப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் விலைகொடுத்துத் திறப்பது. எப்போது பரிசு கிடைக்கும் என்பது நிச்சயமில்லாதபோது உயிரினங்கள் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டியது பழைய கதை. சூதாட்ட இயந்திரம் ஓடுவதும் அதே விதியில்தான். பெல்ஜியத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் 2018ஆம் ஆண்டில் சில விளையாட்டுகளின் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டமே என்று தீர்மானித்தது.

ஆகவே எட்டு வயதுப் பிள்ளை விளையாட்டில் பணத்தைத் தொலைத்தால், அதைக் குணக்கேடு என்று பார்ப்பது நியாயமில்லை. தேர்ந்த வடிவமைப்பாளர்கள் பலர் கூடிச் செய்த பொருளுக்கு எதிரே, கழித்தல் கணக்கை நேற்றுத்தான் கற்ற ஒருவரை உட்கார வைத்திருக்கிறோம்.

## கைச்செலவுப் பணம்: அன்பளிப்பு அல்ல, கருவி

நீச்சலை யாரும் கரும்பலகையில் சொல்லித் தருவதில்லை. பணமும் அப்படித்தான், கையில் கொஞ்சம் இருந்தால்தான் பழக முடியும். வாரம்தோறும் ஒரு சிறிய தொகை தருவது என்ற வழக்கம் எல்லோருக்கும் தெரியும். அது ஏன் பல வீடுகளில் பலன் தருவதில்லை என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் கீழ்க்கண்ட நான்கில் ஏதாவது ஒன்று விடுபட்டிருக்கும்.

1. தொகை மாறக்கூடாது. இந்த வாரம் மனம் மகிழ்ந்திருப்பதால் கூடுதல், அடுத்த வாரம் கோபத்தில் குறைவு என்றால், குழந்தை பணத்தைப் படிப்பதை விட்டுவிட்டுப் பெற்றோரின் முகத்தைப் படிக்கத் தொடங்கும்.

2. நாள் மாறக்கூடாது. சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான். திட்டமிடுதல் என்பது அடுத்த வரவு எப்போது என்று தெரிந்தால் மட்டுமே சாத்தியம். கேட்டபோதெல்லாம் கிடைக்கும் பணத்துக்குத் திட்டம் எதற்கு?

3. எது யாருடைய செலவு என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். புத்தகம், செருப்பு, மருந்து பெற்றோருடையது. ஸ்டிக்கர், பொம்மை, விளையாட்டு வைரம் பிள்ளையுடையது. கோட்டை எங்கே போடுவது என்பது அவரவர் வீட்டின் முடிவு. கோடு ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

4. தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதுதான் மற்ற மூன்றையும் தாங்கி நிற்பது.

நான்காவதில் சற்று நிற்க வேண்டும். ஒரு பிள்ளை ஐந்து வாரம் சேர்த்து, பெட்டியின்மேல் பளபளக்கும் படத்தைப் பார்த்து ஒரு பேட்டரி காரை வாங்குகிறது. பெற்றோருக்கு அது தாங்காது என்று பார்த்தவுடன் தெரிகிறது, சொல்லியும் பார்க்கிறார்கள். கார் இரண்டாம் நாளே ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்குகிறது, மூன்றாம் நாள் சக்கரம் தனியே கழன்று வருகிறது. பிள்ளை சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறது. இந்த இடத்தில் பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். "அழாதே, வேறு வாங்கித் தருகிறேன்" என்ற சமாதானம். அல்லது "நான் அப்போதே சொன்னேனே" என்ற சொற்பொழிவு. முதலாவது இழப்பை அழித்துவிடுகிறது. இரண்டாவது, காரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த பிள்ளையைத் தன்மானத்தைப் பற்றி யோசிக்க வைத்துவிடுகிறது. உடைந்த சக்கரம் தானே சொல்லிக்கொண்டிருந்த பாடத்தை இரண்டுமே பாதியில் நிறுத்திவிடுகின்றன.

ஐந்து வாரப் பணத்தை எட்டு வயதில் இழப்பதைவிட மலிவான படிப்பு வேறு எங்கும் கிடைக்காது. இதே தவறை இருபத்தைந்து வயதில் வாகனக் கடனோடு செய்யும்போது கட்டணம் எத்தனையோ மடங்கு.

### வீட்டு வேலைக்குக் கூலி தரலாமா?

பெற்றோர் அடிக்கடி குழம்பும் இடம் இது. இரண்டு ஆய்வுகள் உதவும்.

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகியோர் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஒன்றிரண்டு வாரங்கள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த குழந்தைகள் தாமாக வரையச் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் பாதி அளவுக்குக் குறைந்திருந்தது.

இரண்டாவது, யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிசினி ஆகியோரின் ஆய்வு, 2000ஆம் ஆண்டு வெளியானது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் பிள்ளையை அழைத்துச்செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையும் என்றுதானே தோன்றும்? தாமதமாக வருவோர் ஏறத்தாழ இரு மடங்கானார்கள். அதுவரை 'ஆசிரியை காத்திருப்பாரே' என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் அது கட்டணம் ஆகிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்கும் படுக்கையை மடிப்பதற்கும் விலை வைப்பது ஆபத்து. "இன்று எனக்குப் பணம் வேண்டாம், அதனால் தட்டும் கழுவ மாட்டேன்" என்று ஒருநாள் பிள்ளை சொன்னால், தர்க்கப்படி அது சரியான பதில்தான். வீட்டில் எல்லோரும் செய்யும் வேலைக்குக் கூலி இல்லை. வெளியாள் வைத்துச் செய்யக்கூடிய கூடுதல் வேலைக்கு, முன்கூட்டியே பேசிய தொகை உண்டு. இந்தப் பிரிவினை நடைமுறைக்கு ஒத்துவருகிறது. மதிப்பெண்ணுக்குப் பணம் தருவதையும் இதே காரணத்தால் தவிர்ப்பது நல்லது.

செலவுக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்று, பிறருக்குக் கொடுக்க ஒன்று என்று மூன்று குப்பிகள் வைக்கும் முறை பரவலாகப் பேசப்படுகிறது. நல்ல முறைதான். எந்தக் குப்பியில் எத்தனை சதவீதம் என்று சண்டை போடும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. குப்பி கண்ணாடியாக இருந்தால் போதும். மட்டம் ஏறுவதும் இறங்குவதும் தெரிய வேண்டும். விரும்பும் பொருளின் விலை எந்த உயரத்தில் வரும் என்று குப்பியின்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், சேமிப்பு என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

## காத்திருக்கக் கற்பது யார்?

"ஒரு மிட்டாயை இப்போதே எடுத்துக்கொள்ளலாம், நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு." உளவியலாளர் வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்தச் சோதனையைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்தார்கள் என்ற முடிவு உலகெங்கும் பரவியது. 2018ஆம் ஆண்டில் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு டைலர் வாட்ஸ் குழுவினர் இதை மறுபடி சோதித்தபோது, தொடர்பு மிகவும் சிறியதாகத் தெரிந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் அது மேலும் சுருங்கியது.

பணம் பழக்குவதற்கு இதைவிடப் பயனுள்ளது செலஸ்ட் கிட் குழுவினர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட இன்னொரு வடிவம். மிட்டாய் வருவதற்கு முன்பே குழந்தைகளைப் படம் வரைய உட்கார வைத்தார்கள். "காத்திரு, இதைவிட நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போனார். ஒரு குழுவுக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். இன்னொரு குழுவிடம் வெறுங்கையோடு வந்து, "மன்னித்துக்கொள், இல்லை" என்றார். அதன்பிறகுதான் மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடங்கள் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடங்கள்.

ஏமாந்தவர்களை மனக்கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று சொல்ல முடியுமா? வராத பென்சிலை நம்பி ஒருமுறை கெட்டவர்கள், வரப்போகும் மிட்டாயை நம்பாமல் இருந்தது புத்திசாலித்தனம்.

இதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். பிள்ளையின் உண்டியலிலிருந்து "அவசரத்துக்கு" எடுத்துவிட்டுத் திருப்பிப் போட மறக்கும் பெற்றோர், உறவினர் கொடுத்த பணத்தை "உனக்காகப் பத்திரமாக வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு அதோடு மறந்துவிடும் பெற்றோர், சேமிப்புக்கு எதிரான பாடத்தை மிகத் திறமையாக நடத்துகிறார்கள். சேர்த்து வைத்தால் யாரோ எடுத்துக்கொள்வார்கள்; கிடைத்தவுடன் செலவழித்துவிடு. பிள்ளை அதைச் சரியாகவே கற்றுக்கொள்கிறது. எடுக்க வேண்டிவந்தால் பிள்ளையைக் கேட்டு எடுத்து, ஒரு தாளில் தொகையும் தேதியும் எழுதி உண்டியலில் போட்டுவிடலாம். கடன் என்றால் என்ன என்ற பாடமும் அதிலேயே முடிந்துவிடும்.

## கடைக்குள் நான்கு கணக்குகள்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். கடையில் அளக்க வேண்டியவை பல. பள்ளிக் கணக்கை வைத்தே பிடித்துவிடக்கூடியவை நான்கு.

1. அலகு விலை. ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் இரண்டு சலவைத்தூள் பொட்டலங்களைக் கொடுத்து, எது மலிவு என்று கேட்டுப் பாருங்கள். 400 கிராம் பொட்டலத்தின் விலை 52 என்றும், ஒரு கிலோ பொட்டலத்தின் விலை 140 என்றும் வைத்துக்கொள்வோம். பெரியது வாங்கினால் மலிவு என்று எங்கோ கேட்டிருக்கும், பெரியதைத்தான் நீட்டும். "நூறு கிராம் எவ்வளவு?" என்பதுதான் அடுத்த கேள்வி. 52ஐ நான்கால் வகுத்தால் 13. 140ஐப் பத்தால் வகுத்தால் 14. இரண்டு விடைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிள்ளை மறுபடி ஒருமுறை வகுத்துப் பார்க்கும். பெரிய பொட்டலம் பொய் சொல்லும் என்பதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை, அடுத்த முறை கடையில் ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் உள்ள சின்ன எழுத்தைத் தேடத் தொடங்கிவிடும். கூட வருபவருக்குக் கொஞ்சம் பொறுமை தேவைப்படும்.

2. தள்ளுபடியின் மேல் தள்ளுபடி. "50 சதவீதம் தள்ளுபடி, அதற்குமேல் 20 சதவீதம்" என்றால் 70 அல்ல. 100 முதலில் 50 ஆகிறது. அந்த 50இல்தான் 20 சதவீதம், அதாவது 10 குறைகிறது. மொத்தம் 60 சதவீதம். "மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது ஒன்றுக்கு 25 சதவீதத் தள்ளுபடி. நான்கும் தேவைப்பட்டால்தான் அதுவும். ஒன்றே போதும் என்றிருந்தவர் நான்கோடு வந்தால், மூன்று மடங்கு செலவழித்துவிட்டு மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொள்கிறார்.

3. அடித்துக் காட்டும் விலை. 1000 என்று எழுதி அதன்மேல் கோடு கிழித்து 600 என்று போட்டால், மனம் 600ஐத் தனியாகப் பார்ப்பதில்லை. ஆயிரத்திலிருந்து கீழே இறங்கி வருகிறது. முதலில் கண்ட எண் தீர்ப்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இந்தப் போக்குக்கு 'நங்கூர விளைவு' என்று பெயர். உளவியலாளர்கள் ஆமோஸ் டிவெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதை விளக்கினார்கள். பிள்ளைக்கு இதை ஒரு விளையாட்டாகச் சொல்லித் தரலாம்: அடித்த எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு, மீதி உள்ள விலைக்கு அது வேண்டுமா என்று கேட்பது. 99 என்று முடியும் விலைகளுக்கும் ஏறத்தாழ இதே மருந்துதான். ஒன்றைக் கூட்டிச் சத்தமாகப் படித்தால் போதும்.

4. வாய்ப்புச் செலவு. ஒன்றை வாங்குவதால் கைவிட நேரும் அடுத்த நல்ல பொருளே அதன் உண்மையான விலை. பெயர்தான் பெரியது, "இது வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்பதற்குப் பதில் "இதுவா, அதுவா?" என்று கேட்பதில் எல்லாம் அடங்கிவிடுகிறது. முதல் கேள்விக்கு எந்தக் குழந்தையும் "வேண்டும்" என்றுதான் சொல்லும். இரண்டாவதற்கு நின்று யோசிக்கும். கையில் சொந்தப் பணம் இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. அப்போது "இரண்டும்" என்பதே சிறந்த பதில்.

விளம்பரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. எட்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள் விளம்பரத்தின் உள்நோக்கத்தைப் பிரித்தறிய முடியாதவர்கள் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வுக்குழு 2004ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைக்கும் வணிக விளம்பரங்களை 1980ஆம் ஆண்டு முதலே தடுத்துவருகிறது. தொலைக்காட்சியில் விளம்பரம் தனியாக வந்தது. இன்று பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டும் காணொளியில் நிகழ்ச்சியே விளம்பரம். "இதைச் செய்தவருக்கு யார் பணம் கொடுத்திருப்பார்கள்?" என்று காணொளி ஓடும்போதே கேட்டுப் பழக்குவது, பார்க்காதே என்று தடுப்பதைவிட நீண்ட நாள் பயன்படும்.

## வட்டி: இரண்டு பக்கமும் வெட்டும்

சேமிப்பைப் பற்றிப் பேசும்போது "சிறுதுளி பெருவெள்ளம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பழமொழி வெறும் கூட்டல் கணக்கு. துளியோடு துளி சேரும். கூட்டு வட்டியில் துளியே துளி போடுகிறது. அசலுக்கு வட்டி, அந்த வட்டிக்கும் வட்டி.

மனக்கணக்குக்கு '72 விதி' உதவும். 72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக ஏறத்தாழ எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது கிடைக்கும். ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் 9 ஆண்டுகள். 1000 என்பது 9 ஆண்டில் 2000, 18 ஆண்டில் 4000, 27 ஆண்டில் 8000 என்ற அளவில் வளரும். இதே விதியைத் திருப்பிப் போட்டால் விலைவாசி. ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், உண்டியலில் சும்மா கிடக்கும் பணத்தின் வாங்கும் சக்தி 12 ஆண்டில் பாதியாகிவிடும்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 27 ஆண்டு என்பது கற்பனைக்கே எட்டாதது. அதனால் வீட்டிலேயே ஒரு சின்ன வங்கி நடத்தலாம்: செலவழிக்காமல் வைத்திருக்கும் தொகைக்கு மாதம் 10 சதவீதம் வட்டி. 100ஐத் தொடாமல் வைத்தால் ஓராண்டில் ஏறத்தாழ 314 ஆகும். வட்டிக்கு வட்டி இல்லாமல் கணக்கிட்டால் 220தான். இடைவெளி எங்கிருந்து வந்தது என்று பிள்ளையே மாதாமாதம் எழுதிப் பார்க்கட்டும். (உச்சவரம்பு ஒன்றை முன்பே வைத்துவிடுவது நல்லது. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் மூன்றாம் ஆண்டில் வீட்டு வங்கி திவாலாகிவிடும்.)

கடன் பக்கம் இதே கணக்கு கொடியது. மாதம் 3 சதவீதம் என்றால் காதுக்குச் சின்னதாக ஒலிக்கிறது. கட்டாமல் விட்டால் அது ஆண்டுக்கு 36 அல்ல, ஏறத்தாழ 42.6 சதவீதம்.

## பள்ளிப் பாடம் போதாதா?

நிதிக் கல்வியைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்ற குரல் பல நாடுகளில் கேட்கிறது. பதினைந்து வயது மாணவர்களை அளக்கும் சர்வதேசத் தேர்வான பீசா, 2012ஆம் ஆண்டு முதல் நிதி அறிவையும் ஒரு பிரிவாகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் பலன் எவ்வளவு? டேனியல் ஃபெர்னாண்டஸ், ஜான் லிஞ்ச், ரிச்சர்டு நெட்மேயர் ஆகியோர் 2014ஆம் ஆண்டில் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நிதி நடத்தையில் மனிதர்களிடையே உள்ள வேறுபாட்டில், நிதிக் கல்வியால் விளக்கக்கூடியது வெறும் 0.1 சதவீதம் என்று முடிந்தது. நீண்ட மணிநேரப் பாடங்களின் விளைவும் 20 மாதங்களில் கரைந்துபோயிருந்தது. பின்னர் 2022ஆம் ஆண்டில் டிம் கைசர் குழுவினர், முறையாகக் கட்டுப்படுத்தப்பட்ட 76 சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, விளைவு அவ்வளவு மோசமில்லை என்று காட்டினார்கள்.

சர்ச்சை தொடரட்டும். பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியது, முதல் ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு யோசனை: முடிவு எடுக்கும் தருணத்துக்கு ஒட்டியே பாடமும் வரட்டும். வட்டி என்ற பாடம் பதினான்கு வயதில் வகுப்பில் நடத்தப்பட்டு, முதல் கடன் இருபத்து மூன்று வயதில் வந்தால், நடுவில் எல்லாம் மறந்துபோயிருக்கும். கடையில் நிற்கும்போது அலகு விலை, உண்டியலிலிருந்து கடன் கேட்கும்போது வட்டி என்று அந்தந்த நேரத்தில் பேசக்கூடிய வசதி வீட்டுக்கு மட்டுமே உண்டு.

## செல்பேசியை என்ன செய்வது?

மறுபடி, கடவுச்சொல் கேட்கப்படாத அந்த 15 நிமிடங்களுக்கு வருவோம். செய்யக்கூடியவை சில:

1. ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பை மாற்றுங்கள். இன்றைய செல்பேசிக் கடைகளில் இந்த வசதி இருக்கிறது. கடவுச்சொல்லைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு அமைப்பை மாற்றுவதில் பொருள் இல்லை.

2. பிள்ளை பயன்படுத்தும் கருவியில் அட்டை எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். தேவைப்பட்டால், முன்பணம் செலுத்திய பரிசு அட்டையில் வரம்புக்குட்பட்ட தொகையை மட்டும் ஏற்றுங்கள்.

3. விளையாட்டு வைரம் வாங்க ஆசைப்பட்டால், கண்ணாடிக் குப்பியிலிருந்து அதற்கான பணத்தைப் பிள்ளையே எண்ணி உங்கள் கையில் கொடுக்கட்டும். அதன்பிறகு நீங்கள் செல்பேசியில் செலுத்துங்கள். இரண்டு நிமிட வேலைதான். திரை மறைத்த வலி அந்த இரண்டு நிமிடத்தில் திரும்ப வந்துவிடுகிறது. எண்ணிக்கொண்டிருக்கும்போதே "இருக்கட்டும், வேண்டாம்" என்று பணத்தைத் திருப்பிப் போடும் பிள்ளைகள் உண்டு.

4. மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கின் வரவு செலவுப் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். சம்பளம் எவ்வளவு என்று சொல்ல விருப்பமில்லை என்றால் அந்த வரியை மறைத்துக்கொள்ளலாம். மின்கட்டணம், வாடகை, இணையக் கட்டணம் என்று வரிசையாகப் போவதைப் பார்ப்பதே போதும். கடையில் செல்பேசியை நீட்டும்போது கேட்கும் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஒரு சனிக்கிழமை மாலையே குப்பி மொத்தமும் ஏதோ ஒரு டிராகனின் சிறகுகளுக்குப் போய்விடும். ஞாயிறு காலை அந்த விளையாட்டு அலுத்துப்போகும். திங்களன்று பிள்ளை வந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "அடுத்த பணம் எப்போது?" என்று கேட்கும்.

"சனிக்கிழமை."